அண்ணன் எழுதிய வெயில்

என் அண்ணன் கூத்தையாவுக்கு ஆண்டவன் எல்லாம் கொடுத்திருந்தான். அடுத்தவனுக்குக் கிடைத்ததைப் பார்த்துச் சும்மா இருக்கிற மனசை மட்டும் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு எருமை கிடேரிக் கன்று போட்டால் இவனுக்கு வயிறு எரியும். எவனாவது காய்ச்சலில் படுத்து, ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் இவனுக்கு அதைவிடப் பெரிய காய்ச்சல் வரும். அப்பேர்ப்பட்ட பிறவி. கெட்டவன் என்று சொல்லமாட்டேன். எங்கள் அய்யா செத்த பிறகு ஆத்தாவையும் என்னையும் பட்டினி போடாமல் காப்பாற்றியவன் அவன்தான். ஆனால் அவன் பொறாமை தின்றது என் வாழ்க்கையை. அதை விட்டுவிட்டு அவன் கதையைச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் வாலிநோக்கத்துக்கு வடக்கே இருக்கிறது. மழை பெய்தால் நெல், சோளம் என்று ஏதோ விளையும். மழைக்காலம் முடிந்தால் ஆம்பிளைகள் உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். அண்ணன் பாத்தியில் உப்பு வாருகிறவன். தலைக்கு மேலே ஒரு வெயில், பாத்தித் தண்ணீரிலிருந்து திருப்பி அடிக்கிற வெயில் ஒன்று. உப்புத் தண்ணீரில் நின்று நின்று விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிக் கிடக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆத்தா வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவி விடுவாள். அவன் பட்ட பாட்டை நான் இல்லை என்று சொல்லவில்லை.

அவனுடைய கூட்டாளி வீரையா. எங்களுக்கு முறையாகிற குடும்பம். சின்ன வயசிலிருந்தே இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே தட்டுக்குச் சண்டை போட்டவர்கள். நாடு விடுதலையான சமயம், மண்டபத்தில் ரயில்வே இன்ஜினியர் துரை ஒருவர் வீட்டுக்குச் சமையல் ஆள் தேடினார்கள். இரண்டு பேரும் போனார்கள். அண்ணன் அடுத்த வாரமே, "வெள்ளக்காரன் எச்சித் தட்டக் கழுவவா எங்காத்தா என்னையப் பெத்தா?" என்று திரும்பி வந்துவிட்டான். வீரையா தங்கிவிட்டார். கொஞ்ச நாளில் அந்தத் துரை வேலையை விட்டுவிட்டு, நியூசிலாந்தில் தன் தம்பி வைத்திருந்த ஆட்டுப் பண்ணைக்குக் கிளம்பினார். ஐந்து வருஷம் வேலை, போக வரக் கப்பல் செலவு துரையுடையது என்று பேசி, வீரையாவையும் கூட அழைத்தார்.

"நான் மட்டும் அங்கன இருந்திருந்தா என்னையத்தான் கூப்பிட்டிருப்பான்" என்று அண்ணன் அன்றைக்கு ஆரம்பித்தவன்தான், இன்று வரைக்கும் நிறுத்தவில்லை.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் வீரையா எனக்குப் பரிசம் போட்டார். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தட்டு மாற்றி, அரக்குக் கலர் சேலை கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் பரிசம் போட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அந்தப் பெண்ணை வேறு எவனும் கேட்டு வரமாட்டான். அந்த ஆம்பிளையும் வேறு பக்கம் திரும்பமாட்டான். அப்படித்தான் நம்பியிருந்தோம்.

தாலி ஏறாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கடிதாசி எழுதினால் ஊர் சிரிக்கும். அதனால் கடிதங்கள் அண்ணன் பேருக்குத்தான் வரும். அவன் படித்துவிட்டு மாடத்தில் செருகியதும் நான் எடுத்துப் படிப்பேன். அஞ்சாப்பு வரைக்கும் படித்தது அதற்காவது உதவியது. ஆம்பிளைகள் இரண்டு பேர் என்னத்தை எழுதிக்கொள்வார்கள்? மழை, வெயில், காற்று. அவர் எப்படி இருக்கிறார், என்ன சாப்பிடுகிறார், ராத்திரி தூங்குகிறாரா என்பதையெல்லாம் அந்த வெயிலையும் குளிரையும் வைத்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். சமயத்தில் அண்ணன் மேலேயே எனக்கு எரிச்சல் வரும். என் புருஷனாகப் போகிறவர் கைப்பட எழுதுகிறார், பிரித்துப் படிக்கிற பாக்கியம் இந்த மனுஷனுக்கு!

முதல் கடிதம் ஆடியில் எழுதியது. "மாப்பிள்ளை, நம்ம அளத்தில் உப்பைக் குவித்து வைத்தால் எப்படி இருக்கும்? இங்கே மலை, மரம், கூரை, ரோடு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது. வானத்திலிருந்து பனி கொட்டுகிறது. ராத்திரி வாளியில் வைத்த தண்ணீர் காலையில் கல்லாகிவிடுகிறது. விரல் மரத்துப்போய் வெங்காயம் நறுக்க வரவில்லை. நம்ம ஊர் வெயிலில் ஒரு கை கிடைத்தால் போதும். அந்த வெயிலில் நிற்கிற உன்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது."

அளத்துக்குப் போகிற வழியில் ஹாஜா முகைதீன் டீக்கடை. வயசுக்காலத்தில் கப்பலில் வேலை பார்த்த மனுஷர். அண்ணன் கடிதத்தை அங்கே கொண்டுபோய் விரித்து வைத்துக் கத்தினானாம். ஹாஜா பாயின் சம்சாரம் உம்மு ஹபீபா அக்கா கடைக்குப் பின்னால் இருந்து கேட்டு, எனக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"ஆடி மாசம் பனி கொட்டுதாம்ல! எவங்கிட்ட கதை விடுறான்?"

"ஏலே கூத்தையா, வல்லாஹி, சத்தியமா உண்மைதாம்லே" என்று ஹாஜா பாய் சொல்லியிருக்கிறார். "அது பூமிக்கு அடிப்பக்கம். நமக்கு வெயில்னா அவங்களுக்குக் குளிரு. நமக்கு மார்கழின்னா அவங்களுக்கு வேர்த்து ஊத்தும். நான் கண்ணால பாத்தவன்."

அண்ணனுக்கு அதுவும் பொறுக்கவில்லை. "நாங்க காலு வெந்து வாருற உப்பு, அவனுக்கு வானத்துல இருந்து சும்மா கொட்டுதா? இதுல எம்மேல பொறாமையாம்ல, பொறாமை! கேலி பண்றான், பாயி!"

அவன் கேலியாகப் படித்த வரியை நான் வேறு மாதிரிப் படித்தேன். மனுஷருக்கு நம்ம ஊர் வெயில் வேண்டும். வெயிலுக்காகவாவது திரும்பி வருவார். அன்றைக்கு அளத்துக்குக் கஞ்சி கொண்டு போனபோது வெறுங்காலோடு நடந்தேன், சூடு தெரியவே இல்லை. பைத்தியக்காரி.

அண்ணன் பதில் எழுதினான். பாத்தியில் கால் வைத்தால் தோல் உரிகிறது, மணலில் முட்டையை வைத்தால் வெந்துவிடுகிறது, நீ கேட்கிற ஒரு கை வெயில் உன்னைச் சுட்டுப் பொசுக்கிவிடும் என்று எழுதினான். அந்த வருஷங்களில் மழை இல்லை என்பது மெய்தான். ஊருணி வற்றிப்போய் நாங்கள் குடிதண்ணீருக்கு அலைந்தோம். அதை எழுதியதில் தப்பில்லை. ஆனால் அவர் இன்னொன்று எழுதினார். பனியில் ஆடுகள் நின்றபடியே விறைத்துச் செத்துப்போயின, கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் வழியே இறங்கி மண்வெட்டியால் வழி வெட்டினோம் என்று. டீக்கடையே வாயைப் பிளந்து கேட்டது. கூத்தையாவின் வெயிலை யார் கேட்பார்கள்? அது எல்லார் முதுகிலும் அடிக்கிற வெயில்தானே. கூட்டம் வீரையாவின் பனியைத்தான் கேட்டது.

அங்கேதான் அவனுக்குப் பற்றிக்கொண்டது. ஆடு செத்தது என்று அவர் எழுதினால், காக்காய் பறந்துகொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து செத்தது என்று இவன் எழுதுவான். காது மரத்துப்போச்சு என்று அவர் எழுதினால், இங்கே ஒருத்தனுக்குக் கண்ணே அவிந்துபோச்சு என்று இவன் எழுதுவான்.

"யாருக்குண்ணே கண்ணு அவிஞ்சது?" என்று கேட்டேன்.

"அவிஞ்சிருக்கும். நீ எல்லார் வீட்டையும் போய்ப் பாத்தியாக்கும்?"

ஒரு பொங்கலுக்கு வந்த கடிதம் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. அங்கே இப்போது கோடை, ஆற்றில் குளிக்கிறோம், பொழுது சாய்ந்தும் வெகுநேரம் வெளிச்சம் இருக்கிறது, கூடை கூடையாய்ப் பழம் பறிக்கிறோம் என்று எழுதியிருந்தார். அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். "அவனுக்குக் குளிரும் கதையாகுது, கோடையும் சொகமாகுது. எனக்கு ரெண்டும் சாவு. இது என்னாத்தா நியாயம்?"

ஆத்தா, "அவன் நம்ம வீட்டு மாப்பிள்ளைலே. அவன் நல்லா இருந்தா நம்ம புள்ளைக்குத்தானே நல்லது" என்றாள்.

"நல்லா இருக்கட்டும். யாரு வேணாம்னா? எம்பாடு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு நல்லா இருக்கட்டும்."

பிறகு ஒரு ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கம் அப்படி ஒரு மழையைப் பார்த்து வெகுகாலம். ஊருணி நிறைந்து மறுகால் போனது. வயலில் நெல் பச்சைப் பசேல் என்று நின்றது. ராத்திரியில் தவளைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை, அந்தத் தூக்கமின்மைகூட இனித்தது. அந்தச் சமயத்தில்தான் அவரிடமிருந்து முக்கியமான கடிதம் வந்தது. அதோடு குளிர்காலத்தில் எடுத்த ஒரு போட்டோ. கணுக்கால் வரைக்கும் பூட்ஸ், முழங்கால் வரைக்கும் கோட்டு, சுற்றிலும் பனி. நான் அந்தப் போட்டோவை எடுத்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அண்ணன் அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாப்பிள்ளை, மாசியோடு என் ஐந்து வருஷம் முடிகிறது. கப்பல் ஏறுகிறாயா, இன்னும் இருக்கிறாயா என்று துரை கேட்கிறார். வந்தால் நான் பிழைக்க முடியுமா? நிலத்தில் தண்ணீர் இருக்கிறதா? நீ எழுதுகிற வெயிலைப் படித்துப் படித்து எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வந்து நானும் உனக்கு ஒரு பாரமாகக் கூடாது. உள்ளதைச் சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்."

மாடத்திலிருந்து எடுத்துப் படித்தேன். இதைவிட என்ன வேண்டும்? ஊருணியில் தண்ணீர், வயலில் நெல். உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும், வைகாசியில் எனக்குக் கல்யாணம்.

அண்ணன் அஞ்சல் தாளை வாங்கிவந்து உட்கார்ந்தான். நான் வெட்கத்தை விட்டு எதிரே போய் நின்றேன். "அண்ணே, மழை பெஞ்சத எழுதுண்ணே. ஊருணி மறுகால் போனத எழுது."

"எழுதினா?"

"எழுதினா அவுக வருவாகள்ல."

"எழுதாட்டியும் வருவான். பரிசம் போட்டவன் எங்கிட்டுப் போயிருவான்? வந்துதான் ஆகணும்." பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தான். "மழை பெஞ்சது, தண்ணி கெடக்குன்னு நான் எழுதினா, தன் பாடும் எம்பாடும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிருவான். கோட்டுப் போட்டுப் படம் புடிச்சு அனுப்புறான் பாரு. அவன் வந்து எறங்குற வரைக்கும் கொஞ்சம் பயந்துக்கிட்டுக் கெடக்கட்டும். எறங்கினப்புறம் பாத்துக்கிரட்டும் ஊருணிய."

எழுதிவிட்டுக் கொல்லைக்குப் போனான். நான் தாளைப் பிரித்துப் பார்த்தேன். மழையே இல்லை, நாய்கூட வெளியே நடப்பதில்லை, கிணற்றில் வாளி போட்டால் மண்தான் வருகிறது, வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று எழுதியிருந்தான். வெளியே அப்போதும் மழை தூறிக்கொண்டிருந்தது. படுபாவி, மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதியிருக்கிறான்!

ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. "இது பொய். இங்கே நல்ல மழை. நெல் நிற்கிறது. நீங்கள் வாருங்கள்" என்று நான் எழுதினேன். அவசரத்தில் எழுத்து கோணிப் போனது. மடிப்பதற்குள் அண்ணன் திரும்பி வந்துவிட்டான்.

அப்படிக் கத்துவான் என்று நான் நினைக்கவில்லை. "தாலி ஏறுறதுக்கு முன்னாடி ஆம்பிளைக்கு நீங்க வாங்கன்னு எழுதுறியா? குடும்ப மானத்தக் கப்பல் ஏத்தப் பாக்குறியா?" ஆத்தாவும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டு என் தலையில் குட்டினாள். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்னொரு தாள் வாங்கி, அதையே மறுபடி எழுதி, இம்முறை தபால் பெட்டியில் போடும் வரைக்கும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனான்.

பதில் வந்த அன்று டீக்கடையில் நல்ல கூட்டமாம். அண்ணன் பெஞ்சு மேல் ஏறாத குறையாக நின்று உரக்கப் படித்திருக்கிறான். "மாப்பிள்ளை, உன் வெயிலிடம் என் பனி தோற்றுப் போச்சு."

"பாத்தியளா! அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்!" என்று தொடையைத் தட்டினானாம். அடுத்த வரியைப் படிக்க வாயைத் திறந்தவன், மூடிக்கொண்டானாம். ஹாஜா பாய் தாளை வாங்கிப் பார்த்திருக்கிறார். "இன்னும் இருக்கிறேன் என்று துரையிடம் சொல்லிவிட்டேன். கப்பல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று" என்று எழுதியிருந்தது.

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது முகம் செத்துக் கிடந்தது. ஹபீபா அக்கா அதற்குள் ஓடி வந்து சொல்லிவிட்டாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

அன்றைக்கே அண்ணன் பதில் எழுதினான். இந்தத் தடவை உண்மையை. ஆனால் அவனுக்கு உண்மையைக்கூட அளவாகச் சொல்லத் தெரியாதே! ஊருணி கடல் மாதிரி கிடக்கிறது, தினமும் சாரல், அளத்தில்கூட வேர்க்கவில்லை, மத்தியானத்தில் போர்த்திக்கொண்டு தூங்குகிறோம், நீ உடனே கிளம்பி வா என்று எழுதித் தள்ளினான். "போதும்ணே, இப்புடி எழுதினா எவன் நம்புவான்?" என்று நான் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வரி சேர்த்தான்.

அதற்கு வந்த பதிலை வாசலிலேயே நின்று படித்தான். "என்னலே எழுதியிருக்கான்?" என்று ஆத்தா கேட்டாள்.

"அங்கன ரொம்பக் குளிராம் ஆத்தா" என்றான்.

அவன் குரலே சொல்லிவிட்டது. பிடுங்கிப் படித்தேன், ஆத்தாவுக்குக் கேட்கும்படி உரக்கவே படித்தேன். "மாப்பிள்ளை, என்னை வரவழைப்பதற்காகப் பொய் எழுதாதே. இத்தனை வருஷம் நீ எழுதியதை நான் மறக்கவில்லை. கிணற்றில் மண் வருகிற ஊரில் வந்து நான் என்ன செய்வேன்? ராமலட்சுமியை அந்த வெயிலில் இனியும் காக்க வைப்பது பாவம். நல்ல தண்ணீர் உள்ள ஊராகப் பார்த்துக் கட்டிக்கொடு. பரிசச் சேலை அவளுக்கே இருக்கட்டும். இதை எழுதுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது."

ஆத்தா வயிற்றில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் கையெழுத்தில் என் பேரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். எவ்வளவு அழகாக எழுதியிருந்தார், பாவி மனுஷர்.

கோபித்துக்கொண்டு எழுதியிருந்தால் நானும் திட்டித் தீர்த்திருப்பேன். எனக்கு இரக்கப்பட்டு என்னை விட்டுவிட்டார். அதற்கு யாரைத் திட்டுவது?

அண்ணன் அவர் சொன்னபடியே செய்தான். அதிலும் குறை வைக்கவில்லை. அலைந்து திரிந்து ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம் பெரிய கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ள மருதுபாண்டிக்கு என்னைக் கட்டிக்கொடுத்தான். என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். அதில் பொய் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். வீரையா அங்கேயே யாரையோ கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டியோடு இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பனி கொட்டுகிற ஊரில் அவருக்குச் சோறு போடுகிற அந்தப் பெண் கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது. அவள்மேல் எனக்குள்ள பொறாமை மட்டும் நன்றாகத் தெரியும். அந்த விஷயத்தில் நானும் கூத்தையாவின் தங்கச்சிதான்.

போன சித்திரையில் அண்ணன் என்னைப் பார்க்க வந்திருந்தான். உப்பளத்திலிருந்து நேரே வந்திருக்கிறான், உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது. கண்மாய்க் கரையில் புளியமரத்து நிழலில் உட்கார வைத்து நீராகாரம் கொடுத்தேன். அந்தக் கோடையிலும் கண்மாயில் தண்ணீர் கிடந்தது. காற்று தண்ணீரைத் தடவிக்கொண்டு வந்தது. அவன் கண்மாயைப் பார்த்தான், நிழலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா?

"உனக்கு என்னாத்தா குறைச்சல்?" என்றான். "தண்ணி, காத்து, நெழலு. நான் அங்கன வெந்து சாகுறேன். எல்லாருக்கும் நல்ல ஊராத்தான் அமையுது."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "அண்ணே, இந்தக் கம்மாயும் காத்தும் நீயே வச்சுக்க. எனக்கு அந்த வெயிலத் திருப்பிக் குடுத்துரு. அந்த வெயிலுக்குள்ளதான் அவரு வருவாருன்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். சொகமா இருந்தேண்ணே."

அண்ணன் செம்பில் மீதமிருந்ததைக் குடித்து முடித்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு எழுந்து போனான்.